கரைக்குக் கீழ் வீடு

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

மூணு நாளா போன் பண்ணிட்டு இருக்கேன். கடைசியா அம்மா எடுத்து, "அவ வீட்டுல இல்லடி"ன்னா. பின்னாடியே நீ தும்மினது கேட்டுது. அதனால எழுதறேன். ஒரு விதத்துல இதுவே நல்லது. போன்ல நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம், கேக்கறதுக்குத்தான் ஆள் இருக்காது.

போன வாரம் உங்க அணையைப் பார்க்க வந்தப்ப, பாசனக் கமிட்டி மொத்தமும் நிக்கும்போது "இந்தக் கரையை நம்ப முடியாது"ன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. கமிட்டித் தலைவி நீ. முதல்ல உன்கிட்டத் தனியா சொல்லியிருக்கணும். ஆனா அன்னிக்கு நான் தங்கச்சியா வரலை, அணைப் பாதுகாப்பு ஆபீஸ் இன்ஜினீயரா வந்தேன். ரெண்டையும் ஒரே உடம்புல வச்சிக்கிட்டு எப்படி நிக்கறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

சொல்ல வந்தது இதுதான். கரையோட அடியில, பம்ப் ரூமுக்குப் பின்னாடி ஒரு ஈரத் திட்டு இருக்கே, அது மழைத் தண்ணி இல்லை. நான் வந்த வாரம் ஒரு பொட்டு மழை இல்லை. அணைக்குள்ள நிக்கற தண்ணி கரைக்கு ஊடே வழி பண்ணிக்கிட்டு வருது. மண் அணைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், அது தப்பில்லை. கசியற தண்ணி தெளிவா இருக்கற வரைக்கும் பயமில்லை. கலங்கி வந்தா, கரையோட மண்ணையும் கூட்டிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் யோசிக்க நேரம் இருக்காது.

இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் மதகைத் திறந்தே வை. அணை பாதிக்கு மேல நிரம்ப வேண்டாம். கலிங்கு மேல, அதான் மிச்சத் தண்ணி வழியற இடத்துல, போன மாசம் பலகை அடிச்சு உயர்த்தினீங்களே, அதையும் கழட்டிடு. அப்புறம், தினம் ஒரு தடவை அந்தக் கசிவுத் தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பாரு.

அறிக்கையை இன்னும் அனுப்பலை. உன் பதிலுக்காக மேஜை மேலயே வச்சிருக்கேன். வச்சிருக்கக் கூடாது.

கரைக்குக் கீழே முதல் வீடு நம்ம வீடுன்னு நான் அதுல எழுதலை. ஆனா எழுதறப்பெல்லாம் அதுதான் கண்ணு முன்னாடி நிக்குது.

தங்கச்சி


செப்டம்பர் 16

ஊசிக்கு,

உனக்கு இந்தப் பேரு வச்சவங்க வாயில சர்க்கரை போடணும். இடம் பார்த்துக் குத்தறே. தும்மினது நான்தான்.

"தலைவர் அவர்களே"ன்னு கூப்பிட்டியே என்னை, அத்தனை ஆம்பளைங்க முன்னாடி. அவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது உனக்குத் தெரியாது, நீ பேப்பரைப் பார்த்துட்டு இருந்தே. எங்க துணைத் தலைவர், பழத்தோட்டக்காரர், அவரை ஊருல எதிர்ப்பாட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா "ஏன், இருக்கக் கூடாதா?"ம்பார். அவரே அன்னிக்கு எனக்காகப் பரிதாபப்பட்டார். அதைவிடக் கேவலம் வேற வேணுமா?

போன கோடையில நீ இங்கே இல்லை. தண்ணி லாரிக்குப் பின்னாடி தெரு பூரா குடத்தோட நின்னோம். நான் வேலைக்குப் போயிருந்தப்ப அம்மா தானே போய் வரிசையில நின்னா. யாரோ இடிச்சாங்க. விழுந்து மணிக்கட்டு போச்சு. இன்னிக்கும் அந்தக் கையால ஒரு பாட்டில் மூடியைத் திருக முடியலை. உன் அத்தானோட செடி நர்சரியில பாதிக் கன்னு கருகிச்சு. அவர் கோபப்படுவார்னு பார்த்தேன், கருகினதை ஒவ்வொண்ணா பிடுங்கிட்டுத் தொட்டியை அடுக்கினார், கோபமே தேவலாம்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் நான் தேர்தல்ல நின்னேன். ஒரே ஒரு வாக்குறுதி: அடுத்த கோடையில லாரி வராது. அந்தப் பலகை அதுக்காகத்தான்.

இப்ப தண்ணியைத் திறந்து விடுன்னு சொல்றே. மழை வர்றதுக்கு முன்னாடியே! இருநூறு வருஷமா நிக்கற கரை அது. கூடையில மண்ணு சுமந்து, மாட்டை விட்டு மிதிக்க வச்சுக் கட்டினது. எத்தனை மழையைப் பார்த்திருக்கும்? உன் ஆபீஸுக்கு அத்தனை வயசு ஆச்சா?

டம்ளர்ல பிடிச்சுப் பார்த்தேன். உன் மூக்குக்கண்ணாடியை விடத் தெளிவா இருந்துது.

அம்மா உன்னை விசாரிச்சா. நான் விசாரிக்கலை.

அக்கா


செப்டம்பர் 25

அக்காவுக்கு,

அறிக்கையை அனுப்பிட்டேன். ஆபீஸ்ல இருந்து உனக்கு உத்தரவு வரும். அது என் கையெழுத்துல இருக்காது, ஆனா நான்தான்னு உனக்குத் தெரிஞ்சிடும். அதான் முன்னாடியே சொல்லிடறேன்.

அம்மா கை உடைஞ்சது எனக்குத் தெரியாது. "வழுக்கி விழுந்துட்டேன், சின்ன வீக்கம்"னு மட்டும்தான் சொன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சிட்டீங்க.

நான் உன்கிட்டச் சொல்லாத ஒண்ணு இருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, உடைஞ்சு போன ஒரு சின்ன அணையை அளக்க அனுப்பினாங்க. அதுவும் பழைய மண் கரைதான், உங்களதை விடக் குட்டை. அதுக்கும் எல்லாரும் "எத்தனை மழையைப் பார்த்திருக்கு"ன்னுதான் சொன்னாங்களாம். நாங்க போனப்ப தண்ணி வடிஞ்சிருந்தது. ஒரு வீட்டுல சுவர் எதுவும் இல்லை, தரை மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருந்துது. அதுல ஒருத்தர் உக்காந்துட்டு, எங்களைப் பார்த்து, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னார். நாங்க கழட்டினோம்.

அக்கா, கரை ஒரு வாரம் முன்னாடி சொல்லி அனுப்பிட்டு உடையாது. உன் டம்ளர் தெளிவா இருந்தது நல்ல சேதிதான். ஆனா அது அன்னிக்கான சேதி.

உத்தரவை நீ கேக்காட்டியும் பரவாயில்லை. அம்மாவை மட்டுமாவது மேலத்தெருவுல ஒரு வீடு பார்த்து வை. வாடகை நான் தரேன்.

தங்கச்சி


அக்டோபர் 6

ஊசிக்கு,

உத்தரவு வந்துது. பதிவுத் தபால்ல, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூடப் பொறந்தவ அனுப்பினதை வாங்க அடையாள அட்டை காட்டின ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

கமிட்டியில வாசிச்சேன். எதிர்ப்பாட்டு எழுந்து, "நாம மேலிடத்துக்கு எழுதுவோம்"னார். முதல் தடவையா எல்லாரும் அவர் சொன்னதை ஒத்துக்கிட்டாங்க. அவருக்கே தூக்கிவாரிப் போட்டுது. எழுதினோம். மழை முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்னு பதில் வந்துடுச்சு. உத்தரவு நிக்குது, தண்ணியும் நிக்குது. நாங்க எழுதினதுல முதல் கையெழுத்து என்னுது.

மழை பிடிச்சிக்கிச்சு. அணை நாளுக்கு நாள் ஏறுது. சாயங்காலம் ஆனா ஜனங்க குடையைப் பிடிச்சிக்கிட்டுக் கரை மேல வந்து நின்னு பார்க்கறாங்க. ஒரு பொம்பளை என் கையைப் பிடிச்சு, "இந்த வருஷம் குடத்தைப் பரண்ல போட்டுடலாமா?"ன்னு கேட்டா. "தாராளமா போடு"ன்னேன். அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருக்கணும்.

மேலத்தெருவுல ஒரு மாடி வீடு பார்த்தேன், அம்மா மாற மாட்டாளாம். "என் கட்டில் அந்த மாடிப்படியில ஏறாது"ங்கறா. கட்டில் மேல பழி.

அந்த ஈரத் திட்டு கொஞ்சம் அகலமாயிருக்கு. மழை ஈரமாத்தான் இருக்கும். தினம் காலையில டம்ளரோட போறேன். நீ சொன்னேன்னு இல்லை. நடக்கறது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்.

அக்கா


அக்டோபர் 10

அக்கா,

இதை நம்ம ஊர் பஸ் டிரைவர்கிட்டக் கொடுத்து அனுப்பறேன். மழையில உங்க பக்கம் போன் லைன் எதுவும் கிடைக்கலை. படிச்ச உடனே செய்.

அகலமாயிருக்குன்னா எவ்வளவு? புல்லு சாஞ்சிருக்கா? நடுவுல எங்கேயாவது தண்ணி கொப்புளிக்குதா? சின்ன எறும்புப் புத்து மாதிரி சுத்திலும் மண்ணு வளையம் கட்டியிருக்கா? இருந்தா அதுதான் பொந்தோட வாய்.

அதுல களிமண்ணைப் போட்டு அடைக்காதே. அடைச்சா வேற இடத்துல பிச்சிக்கிட்டு வரும். முதல்ல மணல், அது மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லி. தண்ணி போகட்டும், மண்ணு நிக்கணும். அது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தண்ணி மட்டம் இறங்கினாத்தான் கரை பிழைக்கும்.

மதகு முழுசா திறக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வந்தப்பவே ஷட்டர் முனகிச்சு. அது சிக்கிக்கிட்டா, கலிங்கை உடைங்க. பலகையை மட்டும் இல்லை, அதுக்குக் கீழே இருக்கற கல் சுவரையும். கலிங்கு பாறை மேல உக்காந்திருக்கு, அறுத்துக்கிட்டுப் போகாது. வேற எங்கேயும் கரையில கை வைக்கக் கூடாது.

என்னை இந்த வேலையில இருந்து எடுத்துட்டாங்க. கமிட்டித் தலைவியோட தங்கச்சி, அதனால ஒதுங்கி இருக்கணுமாம். மேலதிகாரி நல்லவர்தான், சட்டப்படி அவர் சொல்றது சரிதான். அதனால இது உத்தரவு இல்லை. ஆலோசனை கூட இல்லை. காலைப் பிடிச்சுக் கெஞ்சறேன்னு வச்சிக்கோ.

தங்கச்சி


அக்டோபர் 19

ஊசிக்கு,

எல்லாரும் உயிரோட இருக்கோம். முதல்ல அதை எழுதிட்டேன், இனிமே நிதானமா சொல்றேன். போன் லைன் இன்னும் வரலை, பஸ்ஸும் இன்னிக்குத்தான் விட்டாங்க.

உன் கடிதாசி வந்த மறுநாள் காலையில கூடத் தண்ணி தெளிவுதான். மத்தியானம் மனசு கேக்காம திரும்பப் போனேன். டம்ளர்ல டீ மாதிரி வந்துது. கொட்டிட்டுத் திரும்பப் பிடிச்சேன். அதுவும் டீ. வீட்டுக்கு ஓடிப் போய் வேற டம்ளர் எடுத்துட்டு வந்தேன். தண்ணியை விட்டுட்டு டம்ளரைச் சந்தேகப்பட்டேன் பாரு. மூணாவது தடவையும் டீதான். நடுவுல நீ சொன்ன அந்த மண்ணு வளையம் இருந்துது, கொப்புளிச்சிட்டு இருந்துது.

மதகைத் திறக்க ஆள் ஏறினாங்க. ஒரு சாண் உயர்ந்துது, அப்புறம் நாலு பேர் தொங்கியும் அசையலை. மழை கொட்டுது. கமிட்டியில கைக்குக் கிடைச்சவங்களைக் கூட்டி, கலிங்கை உடைக்கணும்னேன். எதிர்ப்பாட்டு குதிச்சார். "கரையைக் காப்பாத்தக் கலிங்கை உடைக்கறதா? கண்ணை வித்துச் சித்திரம் வாங்கற கதையா இருக்கே! மொத்தத் தண்ணியும் போயிடும்."

"போகட்டும்"னேன்.

"கோடைக்கு?"

"கோடைக்கு ஆளு மிஞ்சணும்."

"உன் தங்கச்சி பேச்சைக் கேட்டு ஆடறே."

"ஆமா, கேட்டுத்தான் ஆடறேன். முன்னாடியே ஆடியிருக்கணும்"னுட்டேன். அப்படிச் சொல்லுவேன்னு எனக்கே தெரியாது.

சாக்கடை தூர் வார வந்த ஒரு பொக்லைன் தெரு முனையில மழைக்கு நின்னுட்டு இருந்துது. அந்த டிரைவர் கலிங்கு வரைக்கும் வந்துட்டு எஞ்சினை நிறுத்திட்டார். "அக்கா, நாளைக்கு யாரு சொன்னதுன்னு கேட்டா?" "என்னைக் கை காட்டு"ன்னேன். எழுதித் தரச் சொல்வாரோன்னு பயந்தேன், மழையில பேப்பருக்கு எங்கே போறது? கேக்கலை, ஸ்டார்ட் பண்ணார்.

கலிங்குத் தண்ணி போற பழைய ஓடை இருக்கே, அதுல பல வருஷமா தண்ணியே வரலைன்னு உன் அத்தான் கன்னு வச்சிருந்தார். நர்சரியில பாதி அந்த ஓடையிலதான். அவர்கிட்ட என்னன்னு சொல்றதுன்னு புரியாம ஓடினேன். உன் கடிதாசியை அவரும் படிச்சிருந்தார், அதுக்குள்ள தொட்டிச் செடிக்கு வச்சிருந்த ஜல்லியையும் மணலையும் வாரி, ஆள் பிடிச்சுக் கசிவுக்கு அனுப்பிட்டார். என் மூஞ்சியைப் பார்த்தார். "தண்ணி போகக் கிழக்கு வேலியையும் பிடுங்கணுமா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினோம்.

கீழத்தெருவைக் காலி பண்ண வச்சது யாருன்னு நினைக்கறே? அம்மா. கட்டில் ஏறாதுன்னவ, வீடு வீடா போய் அந்த நல்ல கையால கதவைத் தட்டியிருக்கா. "எங்க பெரியவளே பயந்துட்டா, கிளம்புங்க"ன்னாளாம். வேற காரணம் யாரும் கேக்கலையாம்.

கலிங்குச் சுவர் விழுந்ததும் வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. நர்சரி கண்ணு முன்னாடி போச்சு. கன்னுங்க தொட்டியோட மிதந்து வரிசையா போச்சு. சாயங்காலத்துக்குள்ள தண்ணி கரையில பாதிக்குக் கீழே இறங்கிச்சு. அப்பதான், இனிமே ஒண்ணும் இல்லைன்னு நான் உக்காரப் போன நேரம், கரை மேல, ஈரத் திட்டுக்கு நேரா, மண்ணு அப்படியே உள்வாங்கிச்சு. ஒரு எருமை படுக்கற அளவுக்குப் பள்ளம். உள்ளே நின்ன தண்ணி அதைத் தொடலை. தொடறதுக்கு எட்டலை.

இது நடந்து ஒரு வாரம் ஆச்சு. இப்ப ஊரு என்ன சொல்லுது தெரியுமா? அணைதான் உடையலையே, எதுக்கு இவ தண்ணியைக் கொட்டினான்னு. குடத்தைப் பரண்ல போட்டவ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா. உடைஞ்சிருந்தா நான் கொலைகாரி. உடையாததால பைத்தியக்காரி.

ஒருவேளை அவங்க சொல்றதுதான் சரியோ? நான் அவசரப்பட்டுட்டேனா? உண்மையைச் சொல்லு. தங்கச்சியா சொல்லாதே, இன்ஜினீயரா சொல்லு.

அக்கா


அக்டோபர் 25

அக்கா,

இன்ஜினீயரா சொல்றேன். மேல பள்ளம் விழுந்ததுன்னா, கரைக்குள்ள ஒரு பொந்து இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கு. அதோட கூரைதான் இடிஞ்சு விழுந்தது. தண்ணி உயரமா நின்னிருந்தா அந்தப் பள்ளம் வழியாத்தான் வெளியே வந்திருக்கும். விடியறதுக்குள்ள கரை இருந்திருக்காது. நீ அவசரப்படலை. கொஞ்சம் தாமதம்தான், ஆனா பிழைச்சுது.

இப்ப தங்கச்சியா. உன் கடிதாசியை ஆபீஸ் வராந்தாவுல நின்னு படிச்சேன். அங்கேயே படியில உக்காந்து முதல்ல இருந்து திரும்பப் படிச்சேன். அன்னிக்கு நான் இங்கே பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். பாலம் மூழ்கிடுச்சு, பஸ் போகாதுன்னுட்டாங்க. திரும்பிப் போகவும் மனசில்லை. டிக்கெட் கொடுக்கறவர் கடையை மூடிட்டு, "யாரு இருக்காங்க அங்கே?"ன்னு கேட்டார். அடுத்த பஸ் எப்ப விடுவீங்கன்னு திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டேன்.

நான் சொன்னதுதான் நடந்துதுன்னு ரெண்டு பேர் கை கொடுத்தாங்க. கையை உதறிட்டு வரணும் போல இருந்துது. கோடையில நீங்க என்ன பண்ணுவீங்க? அத்தான் என்ன சொல்றார்? அதைப் பத்தி நீ ஒரு வரி கூட எழுதலை.

கரையை வெட்டிச் சரி பண்ற வேலைக்கு ஆபீஸ்ல ஒப்புதல் வந்துடுச்சு. ஆள் வருவாங்க. நான் வர முடியாது, அது தெரிஞ்சதுதான்.

தங்கச்சி


பிப்ரவரி 20

ஊசிக்கு,

நடுவுல நாம போன்ல பேசினதை எல்லாம் திரும்ப எழுதலை. என்னைத் தலைமையில இருந்து இறக்கினது உனக்குத் தெரியும். ஓட்டெடுப்புல அத்தான் மட்டும் எனக்காகக் கையைத் தூக்கினார். அவர் உறுப்பினரே இல்லை, எதிர்ப்பாட்டு எழுந்து கையைக் கீழே போடச் சொன்னார். போடலை. இப்ப எதிர்ப்பாட்டுதான் தலைவர். லாரி வர ஆரம்பிச்சாச்சு. நான் குடத்தோட வரிசையில நிக்கறேன். எனக்கு முன்னாடி நிக்கறவங்க திரும்பிப் பார்க்கறதில்லை, பின்னாடி நிக்கறவங்க பேசறதில்லை.

இதை எழுதறது வேற விஷயத்துக்கு. கரையை வெட்டினாங்க இல்லையா, போன மாசம் உள்ளே இருந்தது வெளியே வந்துது. இப்ப இருக்கற மதகுக்கு முந்தி இன்னொரு மதகு இருந்திருக்கு. யாரோ மரத்தைக் குடைஞ்சு குழாய் பண்ணிப் போட்டிருக்காங்க. அது மக்கி, மரம் போய், ஓட்டை மட்டும் நின்னிருக்கு. தண்ணி அதைத்தான் பெரிசு பண்ணியிருக்கு. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். ஊரே வந்து பார்த்துது. எதிர்ப்பாட்டு குனிஞ்சு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். எழுந்து கையைத் துடைச்சிக்கிட்டே என்கிட்ட வந்து, "அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?"ன்னு கேட்டார்.

கரையை மூடி, மண்ணைத் தட்டிக் கெட்டி பண்ணி, கலிங்கையும் பழைய உயரத்துக்குக் கட்டிட்டுப் போயிட்டாங்க. முடிச்சதுக்குச் சான்று கொடுத்திருக்காங்க. இப்ப பார்த்து, காலம் தப்பி, மேலே மலைப்பக்கம் மழை கட்டியிருக்கு. மதகை மூடினா கோடைக்குக் கொஞ்சமாவது தண்ணி பிடிக்கலாம். மூடாட்டி இதுவும் ஓடிப் போயிடும். கமிட்டி உக்காந்துது. சான்று மேஜை மேல இருக்கு, ஆனா மூடலாம்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. எதிர்ப்பாட்டு நேத்து வீட்டுக்கு வந்து வாசல்லயே நின்னார். "உன் தங்கச்சியைக் கேட்டுச் சொல்லு. எழுத்துல வேணும். வாய் வார்த்தை தண்ணி மேல எழுத்து"ன்னார்.

நான் என்ன நினைக்கறேன்னும் கேட்டார். தெரியலைன்னேன். நிஜமாவே தெரியலைடி. தூறல் போட்டாலே எழுந்து போய் கரையடியில நிக்கறேன். காஞ்ச மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன். மூடினா பயம், மூடாட்டி அம்மா திரும்பக் குடத்தைத் தூக்குவாளோன்னு பயம்.

மூடலாமா? வேலையில உனக்குச் சிக்கல் வராதபடி எழுது. சீக்கிரம் எழுது, மேகம் இறங்கிட்டு இருக்கு.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

கமிட்டிக்குத் தனித்தாள் வச்சிருக்கேன், ஆபீஸ் முத்திரையோட. மேலதிகாரிகிட்ட நேரா போய், எங்க அக்கா ஊருதான், ஆனா கேட்டது அக்கா இல்லை, ஊருன்னேன். வேலை நடந்ததோட அளவை எல்லாம் எடுத்து ரெண்டு பேரும் வரி வரியா பார்த்தோம். அவரும் கையெழுத்துப் போட்டிருக்கார்.

மூடுங்க. பாதி உயரத்துக்கு மட்டும். இந்த வருஷம் அதுக்கு மேல ஒரு விரல் கூட வேண்டாம். அது நாலு மாசம் குடிக்கக் காணும், தோட்டத்துக்குக் காணாது. எதிர்ப்பாட்டுக்கு அதை நீ சொல்லாதே, தாள்லயே எழுதியிருக்கு.

புது மண்ணு முதல் தடவை தண்ணியைத் தாங்கும்போது கொஞ்சம் கசியும். தெளிவாத்தான் இருக்கணும். இருக்கும். எழுதிட்டேன், ஆனா அந்த ஒரு வரியை நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன். படிச்சவளுக்குப் பயம் இல்லைன்னு நினைக்காதே. எங்கே பயப்படணும்னு தெரியும், அவ்வளவுதான்.

லீவு கிடைச்சிடுச்சு. இந்தக் கடிதாசி வர்ற பஸ்லயே நானும் வர்றேன். கமிட்டித் தாளைத் தங்கச்சி கையால கொடுத்தா நல்லா இருக்காதுன்னுதான் டிரைவர்கிட்டக் கொடுத்திருக்கேன், நான் பின் சீட்டுல இருப்பேன். அம்மாகிட்டச் சொல்லி என் பாயை எடுத்துப் போடச் சொல்லு. தண்ணி ஏறி, பாதியில நின்னு, ஒரு வாரம் ஆகற வரைக்கும் மேலத்தெருவுல இல்லை, கரைக்குக் கீழே அந்த வீட்டுலதான் படுப்பேன்.

தங்கச்சி